நெஞ்செரிச்சல் மாத்திரை: எப்போது போடுவது, எப்படி நிறுத்துவது?

காரைக்குடி வாசகி: அப்பச்சி காலைப் பலகாரம் முடித்த பிறகுதான் பாண்டோபிரசோல் 40 போடுகிறார். மூன்று வாரமாகியும் எதுக்களிப்பு அடங்கவில்லை. டோஸைக் கூட்டலாமா?

கூட்டுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு உள்ளே வரும்போதுதான் மும்முரமாக ஓடத் தொடங்கும். ஓடுகிற பம்பைத்தான் இந்த மருந்து அடைக்கும். ரத்தத்தில் அது தங்குவதோ சில மணி நேரம்தான். அதனால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து இட்லியோ பணியாரமோ சாப்பிடட்டும். போட்டுவிட்டு மதியம்வரை பட்டினி கிடந்தாலும் பலன் குறையும். உடைக்கவோ நுணுக்கவோ கூடாது. மேல் பூச்சு இருந்தால்தான் வயிற்று அமிலத்தில் கெடாமல் குடல்வரை போய்ச் சேரும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாளாகும்.

ராத்திரி எதுக்களித்தால், படுக்க 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கச் சொல்லுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குல மரக்கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிற்றில் அழுத்தம்தான் கூடும்.

தேவகோட்டை வாசகர்: ஒரு வருடம் போட்ட ஒமிப்ரசோலைத் திடீரென நிறுத்தினேன். முன்பைவிட அதிகமாக எரிகிறது.

நோய் முற்றிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். நெடுநாள் அமிலத்தை அடக்கினால், அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் கேஸ்ட்ரின் ஹார்மோன் ஏறிவிடும். மருந்தை விட்டதும் சில வாரம் அமிலம் மிஞ்சிச் சுரக்கும். டாக்டரிடம் கேட்டு 40 மில்லிகிராமை 20 ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என இறங்குங்கள். இடையில் எரிந்தால் ஆன்டாசிட் ஜெல் போதும். முன்பு அல்சரில் ரத்தம் கசிந்தவர்களும், இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறவர்களும் தாங்களாக நிறுத்தவே கூடாது. வருடக்கணக்கில் போடுவோர் பி12, மக்னீசியம் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கானாடுகாத்தான் வாசகி: ஆச்சிக்கு அல்சர். மிளகு, மிளகாயை அறவே நிறுத்திவிட்டோம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மட்டும் போடுகிறார்.

நிறுத்த வேண்டியது அந்த டைக்ளோஃபெனாக்கைத்தான்! காரம் எரிச்சலைக் கூட்டலாம், அல்சரை உண்டாக்காது. பெரும்பாலான அல்சருக்குக் காரணம் வலி மாத்திரை, இல்லையென்றால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டறிந்த மார்ஷலும் வாரனும் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மூட்டுவலிக்குப் பாராசிட்டமால் ஆகுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிருமிக்கு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ எழுதினால், அமிலத்தை அடக்கும் மாத்திரையை 2 வாரம் முன்பும் ஆன்டிபயாடிக்கை 4 வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். எப்படி நிறுத்துவது என்பதை டாக்டரே சொல்லட்டும்.

ஆச்சியின் மலம் தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, கடுமையாக நாறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் அப்படி ஒட்டாது.

புதுவயல் வாசகி: தைராய்டு மாத்திரையோடு ஜெல் குடிக்கலாமா?

4 மணி நேர இடைவெளி விடுங்கள். ஜெல் அந்த மருந்தை உடம்பில் சேர விடாது.

கோட்டையூர் வாசகர்: கல்யாணப் பந்தி முடிந்து நெஞ்சை அடைத்து, வியர்த்தால் கேஸ் மாத்திரை போடலாமா?

வேண்டாம் அண்ணே. 108-ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுங்கள். ஜெல் குடித்து வலி குறைந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது.