மறதிநோய்க்குத் துணை ரோபோ: பயனை எப்படி அளப்பது?

கேள்வி: என் தாயாருக்கு வயது 71. ஆல்சைமர் நோயின் தொடக்க நிலை என்று நான்கு மாதங்களுக்கு முன் நரம்பியல் மருத்துவர் கூறினார். அம்மாவும் அப்பாவும் தனியாக வசிக்கிறார்கள். நான் அதே ஊரில் வேலைக்குச் செல்கிறேன். அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். அம்மாவுக்குப் பேச்சுத்துணையாகவும், மாத்திரை நேரத்தை நினைவூட்டவும் ஒரு ரோபோவை வாங்கி அனுப்புவதாக அண்ணன் சொல்கிறார். அதனால் பயன் உண்டா? உண்டு என்றால் அதை எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகி, திருச்சி

பதில்: பயன் உண்டா என்று கேட்டதோடு நிறுத்தாமல், அதை எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பதிலின் பெரும்பகுதி அந்த இரண்டாவது கேள்விக்கானது.

முதலில், இதுவரை நடந்த ஆய்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்துறையில் அதிகம் ஆராயப்பட்டது ஜப்பானில் உருவான 'பாரோ' என்னும் ரோபோ. கடல்நாய்க்குட்டியின் வடிவில், மென்மையான வெள்ளை ரோமத்துடன், தடவிக் கொடுத்தால் தலையை அசைத்துக் குரல் கொடுக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 28 முதியோர் பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்த 415 பேரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு இயங்கும் பாரோவும், இன்னொரு பிரிவினருக்கு இயக்கம் நிறுத்தப்பட்ட அதே பொம்மையும், மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டுமே கிடைக்குமாறும் ஏற்பாடு செய்து, வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடங்கள் என 10 வாரங்கள் கவனித்தார்கள். வழக்கமான பராமரிப்போடு ஒப்பிட்டபோது ரோபோ பெற்றவர்களின் மனநிலையும் அமைதியின்மையும் ஓரளவு மேம்பட்டிருந்தன. ஆனால் இயங்காத பொம்மையோடு ஒப்பிட்டபோது, இயங்கும் ரோபோவுடன் கூடுதலாகப் பேசினார்கள், கூடுதலாக அதைப் பார்த்தார்கள் என்பதே தெளிவாகத் தெரிந்த வேறுபாடு. ஒப்பிடுவதற்கு அந்தப் பொம்மை இல்லாமல் இருந்திருந்தால், கிடைத்த நன்மை முழுவதையும் இயந்திரத்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

மேலும், அந்த ஆய்வு பராமரிப்பு இல்லங்களில் நடந்தது. உங்கள் தாயாரோ தம் வீட்டில், கணவருடன் வாழ்கிறார். நியூயார்க் மாநில முதியோர் நலத்துறை 2022-இல் 'எல்லி க்யூ' என்னும் மேசை ரோபோவை 800-க்கும் மேற்பட்ட முதியோருக்கு வழங்க முன்வந்ததை உங்கள் அண்ணன் படித்திருக்கக்கூடும். அது தனிமையில் வாழும் முதியவர்களை மனத்தில் கொண்டு தொடங்கிய திட்டமேயன்றி, மறதிநோய் உள்ளவர்களுக்கென வகுத்த சிகிச்சை அன்று. ஆகவே உங்கள் தாயாருக்கு ரோபோ உதவுமா என்பதை உங்கள் வீட்டிலேயே, பொறுமையாக, அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அளப்பதற்கு முன் ஒரு மருத்துவக் கடமை உண்டு. செவித்திறன், வைட்டமின் பி12, தைராய்டு, மனச்சோர்வு ஆகிய நான்கையும் பரிசோதித்துவிட்டார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காது சரியாகக் கேட்காத ஒருவரின் முன் பேசும் இயந்திரத்தை வைப்பதில் பொருளில்லை. அவருக்குத் தேவைப்படுவது காதுக்கருவியாக இருக்கலாம்.

ரோபோ வருவதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் ஒரு நோட்டில் தினமும் எழுதிவாருங்கள். ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டார், எந்த வேளை மாத்திரை தவறியது, மாலையில் பதற்றம் இருந்ததா, தாமாக முன்வந்து எத்தனை முறை பேச்சைத் தொடங்கினார், அப்பா இரவில் எவ்வளவு நேரம் உறங்கினார் என்பவை போதும். அப்பாவின் உறக்கத்தையும் ஏன் கேட்கிறேன் என்றால், மறதிநோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்பவரின் சுமை கூடினாலும் குறைந்தாலும் அது நோயாளியையே முதலில் வந்தடைகிறது. 30 மதிப்பெண்ணுக்கு எடுக்கும் நினைவுத்திறன் தேர்வில் மதிப்பெண் உயரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்த ரோபோவும் நோயின் போக்கை மாற்றுவதில்லை. வாழ்க்கைத் தரத்தைப் பற்றிய 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. அதை நோயாளியும் பராமரிப்பவரும் தனித்தனியே நிரப்புவார்கள். பெரும்பாலும் பராமரிப்பவர் தரும் மதிப்பெண் நோயாளி தமக்குத் தாமே தரும் மதிப்பெண்ணைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால், உங்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன்.

ரோபோ வந்த பிறகு முதல் இரண்டு மூன்று வாரங்களில் தெரியும் உற்சாகத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதுப்பொருள் வந்த வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றி அமர்வார்கள், பேரப்பிள்ளைகள் பார்க்க வருவார்கள், அக்கம்பக்கத்தார் விசாரிப்பார்கள்; அம்மாவின் முகம் மலர்ந்தால் அது இவர்களால் மலர்ந்ததாகவும் இருக்கலாம். ஆறாவது, ஏழாவது, எட்டாவது வாரங்களில், யாரும் தூண்டாமல் அவரே அதன் அருகில் போகிறாரா என்று பாருங்கள். பிறகு ஒரு வாரம் ரோபோவை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அதே வேளையில் அண்ணனை நாள்தோறும் 15 நிமிடங்கள் வீடியோ அழைப்பில் அம்மாவுடன் பேசச் சொல்லுங்கள். இரண்டு காலங்களின் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஆஸ்திரேலியாவில் அந்தப் பொம்மை செய்த வேலையை இங்கே அண்ணனின் குரல் செய்யும்.

எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி மொழி. நோயின் தொடக்கத்தில் சொல் சட்டென்று வராது. பாதி வாக்கியத்தில் நின்று யோசிப்பார்கள். பல பேசும் கருவிகள் அந்த இடைவெளியைப் பேச்சின் முடிவு என்று எடுத்துக்கொண்டு குறுக்கே பேசிவிடும். "மாத்திரை போட்டாச்சா", "அவரு எங்க போனாரு" என்று அம்மா வழக்கமாகப் பேசும் 20 வாக்கியங்களை, அவருடைய வேகத்திலேயே, முதலில் நீங்கள் அதனிடம் பேசி, எத்தனைக்குச் சரியாகப் பதில் வருகிறது என்று எண்ணுங்கள். ஆரோக்கியமான ஒருவர் "இந்த மெஷினுக்குப் புரியவில்லை" என்று விலகிவிடுவார்; தம் நினைவு தடுமாறுவதை ஏற்கனவே உணர்ந்திருப்பவரோ "எனக்குத்தான் சரியாகப் பேச வரவில்லை" என்று எடுத்துக்கொள்வார். என் வெளிநோயாளர் பிரிவில், கைபேசியிடம் தோற்றுப்போனதாக எண்ணி, வீட்டாரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்ட ஓர் அம்மையாரைப் பார்த்த பிறகுதான், இந்தச் சோதனையை நோயாளிக்கு முன் குடும்பத்தார் செய்துவிட வேண்டும் என்று வற்புறுத்தத் தொடங்கினேன்.

நிறுவனம் மூடப்பட்டால் கருவி இயங்குமா என்பதையும் அண்ணனை விசாரிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2017-இல் விற்பனைக்கு வந்த 'ஜிபோ' என்னும் வீட்டு ரோபோ, 2019-இல் தன்னை இயக்கிய சர்வர்கள் நிறுத்தப்படப் போவதைத் தானே உரிமையாளர்களிடம் சொல்லி விடைபெற்றது. பழகிய ஒன்று திடீரென்று ஊமையாவதை மறதிநோய் உள்ளவருக்கு எப்படி விளக்குவது என்று எண்ணிப் பாருங்கள். கேமராவும் மைக்கும் பதிவு செய்வது எங்கே போகிறது என்பதையும், தரையில் வயர் கிடந்து கால் இடறுமா என்பதையும் கவனிக்க வேண்டும். மாத்திரைப் பொறுப்பை மட்டும் கருவியிடம் விடாதீர்கள். அது நினைவூட்டலாம், விழுங்கினாரா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

அதே செலவில் வேறு என்ன கிடைக்கும் என்பதும் மதிப்பீட்டின் பகுதிதான். 'அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை' என்று ஒன்று உண்டு. சிறு குழுவாக அமர்ந்து, வாரத்துக்கு இருமுறை, மொத்தம் 14 அமர்வுகளில் பாட்டு, பழைய நினைவுகள், உணவு, நாட்டு நடப்பு என உரையாடுவது. தொடக்க, இடைநிலை நோயாளிகளுக்கு இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைக்கிறது. சென்னையில் இது நம் சூழலுக்கேற்பத் தழுவி அமைக்கப்பட்டுள்ளது. உங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றி விசாரியுங்கள்.

உங்கள் கடிதத்தில் அப்பா, அண்ணன், நீங்கள் மூவரும் இருக்கிறீர்கள். அம்மா என்ன நினைக்கிறார் என்பது மட்டும் இல்லை. தொடக்க நிலையில் உள்ளவரால் தம் விருப்பத்தைச் சொல்ல முடியும். காலை வேளையில், மனம் தெளிவாக இருக்கும்போது, கருவியின் படத்தைக் காட்டி, "இது மெஷின்தான், உயிருள்ளது இல்லை, வீட்டில் வைத்துக்கொள்ள உனக்கு இஷ்டமா" என்று கேளுங்கள். வேறு இரு நாட்களிலும் கேளுங்கள். மூன்று நாளும் வேண்டாம் என்றால் வாங்க வேண்டாம். வாங்கிய பிறகு அவர் அதைத் துணியால் மூடினாலோ, அறையை விட்டு எழுந்து போனாலோ, அதன் குரல் கேட்டுத் திடுக்கிட்டாலோ, எட்டு வாரம் காத்திருக்காமல் அன்றே எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் வசதி 70 நாட்களுக்காவது உள்ள நிறுவனமாகப் பார்த்து வாங்கும்படி அண்ணனிடம் சொல்லுங்கள். அடுத்த மறுபரிசோதனைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.