சாலைத் துணை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பயன்படுத்திய சுசுகி ஸ்விப்ட் ஸ்போர்ட் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. மாதம் ஒருமுறை பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து முதுகுவலி உள்ள என் அம்மாவை மருத்துவரிடம் காட்டக் கோலாலம்பூருக்கு அழைத்துவருகிறேன். இந்த வண்டி நெடுந்தூரத்துக்குத் தாங்குமா?
- வாசகர், செந்தூல்

பதில்: வண்டி தாங்கும். அம்மா தாங்குவாரா என்பதுதான் என் கவலை.

நீங்கள் சொல்லும் வண்டியின் 1.4 லிட்டர் டர்போ வகையை என் தம்பி மகன் வைத்திருக்கிறான். போன மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜாலான் டூத்தா சுங்கச்சாவடியைத் தாண்டி, அதில் பினாங்குக்கு நானே ஓட்டிப்போனேன். 140 குதிரைத்திறன், எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தொட்டதுமே முழு இழுவிசையும் வந்துவிடுகிறது. அதனால் சிலிம் ரிவர் பக்கம் லாரி வரிசையை முந்த, மிதியை லேசாக அழுத்தினாலே போதுமானதாக இருந்தது.

ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளைக் கடந்து மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் வளைவுகள் இருக்கின்றனவே, அங்கேதான் இந்த வண்டியின் அருமை தெரிந்தது. அங்கே மணிக்கு 110 கிலோமீட்டர் கிடையாது, வேக வரம்பு குறைவு. அந்த வேகத்திலேயே எவ்வளவு மகிழ்ச்சி! ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு திரும்புகிறது. வண்டி சாய்வதே இல்லை. எத்தனையோ ஆண்டுகளாகப் போய்வரும் சாலை. அந்த வளைவுகளை அன்றுதான் ரசித்து ஓட்டினேன்.

அந்தச் சுகத்தைத் தருவது இறுக்கமான சஸ்பென்ஷனும் மெல்லிய டயரும். உங்கள் அம்மாவின் முதுகுக்கு ஆகாதவையும் அவைதான். டயரில் 195/45 ஆர்17 என்று போட்டிருக்கும். அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 88 மில்லிமீட்டர். குழியின் அடியை வாங்கிக்கொள்ள அவ்வளவு ரப்பர்தான் இருக்கிறது. பின்னால் அமர்ந்து வந்த என் மனைவி, தாப்பா ஓய்விடத்தில் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அங்கிருந்து முன்னிருக்கைக்கு மாறினார்; ஜூரு வரை ஒரு முனகல்கூட இல்லை. பின்னிருக்கை ஏறக்குறைய பின்சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. அடி நேராக ஏறிவிடுகிறது.

ஆகவே பணம் கட்டுமுன் அம்மாவை முன்னிருக்கையில் உட்காரவைத்து, ஆயர் ஈத்தாமின் மேடுபள்ளங்களில் அரை மணி நேரம் ஓட்டிக்காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் வாங்காதீர்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. வாங்கினால், தாப்பாவில் ஒருமுறையும் சுங்கை பேராக்கில் ஒருமுறையும் கட்டாயம் இறக்கி நடக்கவிடுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழையதென்றால் மாற்றிவிடுங்கள். தைப்பிங் மழையில் அதை நம்பி அம்மாவை ஏற்றக்கூடாது.

கேள்வி: பினாங்குப் பாலத்தில் காற்று அடிக்கும்போது என் சிறிய கார் ஒதுங்குகிறது. கோளாறா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: எடை குறைந்த வண்டியைப் பக்கக் காற்று தள்ளத்தான் செய்யும். வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடியுங்கள். லாரியின் மறைவைத் தாண்டி வெளியே வரும் நொடியில்தான் காற்று சட்டென்று அடிக்கும். இடப்பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு அப்போது தாராளமாக இடம் விடுங்கள். காற்றே இல்லாத நாளிலும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் காற்றழுத்தத்தையும் சக்கரச் சீரமைப்பையும் பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள்.