அலமாரிச் சாவி யாரிடம்?

வணக்கம் அக்கா,

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் தமிழ்ச் சபைக்கு என் தாத்தா காலத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறோம். ரயில்வே பணிமனையில் வேலை செய்தவர்கள் காசு சேர்த்துக் கட்டிய ஆலயம். இப்போது ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது பேர் வந்தால் பெரிது. அதிலும் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் ஆங்கில ஆராதனைக்குப் போய்விட்டார்கள். 2021ல் அடுக்குமாடி வீடுகளில் உதவி கேட்டு வெள்ளைக்கொடி கட்டினார்களே, அப்போது நாங்கள் சிலர் அரிசி, பருப்பு, பால்மாவு கொண்டுபோய்க் கொடுத்தோம். அது இன்றும் மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கிறது. சபைக்கே உயிர் வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் மூப்பர்கள் இருவர், ஆத்தும ஆதாயம், அதாவது ஆட்களை விசுவாசத்துக்குக் கொண்டுவருவதுதான் சபையின் வேலை, அரிசி கொடுக்க அரசாங்கம் இருக்கிறது என்கிறார்கள். கிட்டாரும் திரையும் வைத்தால் இளைஞர்கள் திரும்பி வருவார்கள் என்கிறார் இன்னொருவர். சமூக சேவையால் ஒரு சபை மறுபடி எழும்புமா? ஒரு படமும் இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், செந்தூல்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு பெரியம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. அதனால் இந்தப் பதில் நீங்கள் கேட்ட இடத்தில் நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டார் வேண்டுமென்றால் வையுங்கள், வேண்டாமென்றால் விடுங்கள். மூப்பர்கள் சொல்வது நம் சபைகளின் கதைக்கே ஒட்டாத பேச்சு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடியில் இறங்கினார், அடுத்த ஆண்டே பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். தமிழ்க் கிறிஸ்தவனுக்கு வேதமும் சிலேட்டும் ஒன்றாகத்தான் கைக்கு வந்தன. ஆனாலும் அந்தப் பெரியவர்களோடு சண்டை போடாதீர்கள். அவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். 'சபை எழும்புமா' என்று கேட்கிறீர்கள். அரிசிப் பை வாங்க வருகிற பெண் நாளைக்கு உங்கள் பெஞ்சில் வந்து உட்காருவாளா என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. நல்ல பிள்ளை நீங்கள், அந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். போதகர் சிரிக்கிறார், நீங்களும் சிரிக்கிறீர்கள். பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சபையின் இணையப் பக்கத்தில் அதைப் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பசித்தவரை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

சரி, பெரியம்மா கதைக்கு வருகிறேன்.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுப் பெரியம்மா அவர். 1961ல் லயத்திலேயே பிறந்தவர், மருத்துவச்சி பார்த்த பிரசவம். பிறப்பைப் பதிய டவுனுக்குப் போக வேண்டும், போனால் ஒரு நாள் சம்பளம் போகும். அப்பா போகவில்லை. கடைசிவரை அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பிறந்த மண்ணிலேயே நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. ஓட்டுக் கிடையாது. அரசாங்கம் குடிமக்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையும் கிடையாது. தேர்தல் நாளன்று நாங்கள் எல்லாரும் விரலில் மையோடு வீடு திரும்பும்போது அவர் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. 1957 ஆகஸ்ட் 31லிருந்து 1962 செப்டம்பர் முடியும்வரை மலாயாவில் பிறந்த பிள்ளை சட்டப்படியே குடிமகன். தாய் தகப்பன் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்ற கேள்வியே கிடையாது. பெற்றோரின் நிலையைப் பார்க்கும் விதி அதற்குப் பிறகுதான் வந்தது. பெரியம்மா பிறந்தது 1961. அவர் குடிமகளாகவே பிறந்தவர். அதைக் காட்ட ஒரு தாள் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் தாள் இருந்தது தம்பி. எங்கள் தோட்டத்து ஜெபவீட்டில் ஒரு ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. என் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அதை நான் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். நீல அட்டை போட்ட நீளமான புத்தகம். மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வரும் போதகர் ஐயா ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போவார். உபதேசியார் பேனாவை உதறி உதறி எழுதுவார். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர், தொழில் என்ற இடத்தில் 'பால்வெட்டு', இருப்பிடம் என்ற இடத்தில் லயத்தின் நம்பர். எழுதி முடித்ததும் மை காயும்வரை பக்கத்தை மூட மாட்டார், வாயால் ஊதிக்கொண்டே இருப்பார். பெரியம்மாவின் பெயரும் அதில் இருந்தது. அவர் அம்மாவே என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

தோட்டம் விற்றுப் போனது, ஜெபவீட்டை இடித்தார்கள். புத்தகங்களை ஒரு டவுன் சபைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சபைக்குப் பெரியம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீசில் இருந்தவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அப்புறம் சொன்னார், பழைய புத்தகங்களில் கரையான் ஏறிவிட்டது, ஹாலுக்கு டைல்ஸ் போட்டபோது தூக்கிப் போட்டுவிட்டோம் என்று. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "பரவாயில்லம்மா, கர்த்தர்கிட்ட எழுதியிருக்கும்" என்றார். எனக்கு அந்த விசுவாசம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

ஞானஸ்நானப் பதிவு பிறப்புப் பத்திரம் ஆகிவிடாது, தெரியும். அதைத் துணைச் சான்றாகத்தான் வைக்க முடியும். கூடவே சத்தியப் பிரமாணம் வேண்டும், தோட்டத்தில் கூட வளர்ந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும், பழைய செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு), பள்ளிச் சான்று என்று கிடைத்ததையெல்லாம் தேடிச் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் அலையவேண்டி வரலாம். ஆனால் ஒன்றுமே இல்லாத கையோடு கவுன்டரில் நிற்பதற்கும், பிறந்த தேதி எழுதிய ஒரு பழைய பக்கத்தோடு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் லூக்கா இரண்டாம் அதிகாரம் வாசிக்கிறோம். அந்தக் கதை எதில் தொடங்குகிறது? குடிமதிப்பு எழுதுவதில். நிறைமாதக் கர்ப்பிணியும் புருஷனும் பெயர் பதிவதற்காக ஊர்விட்டு ஊர் போகிறார்கள். நட்சத்திரத்தைக் கட்டித் தொங்கவிடுகிறோம், தொழுவத்தை ஜோடிக்கிறோம், பெயர் பதியப் போன அந்தப் பயணத்தை மட்டும் எந்த நாடகத்திலும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். உங்கள் சனிக்கிழமை வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் பதியவில்லை என்று கேட்டிருக்கிறீர்களா?

கேளுங்கள். மெதுவாக, தனியாக, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். கல்யாணத்தைப் பதிந்தார்களா என்றும் கேளுங்கள். 1982 மார்ச் 1க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட கல்யாணத்தால் சட்டத்தின் முன் சிக்கல் வரும். அந்தக் கல்யாணத்தை ஏற்றுக்கொள்ளாவிட்டால் பிள்ளையின் குடியுரிமைக்குத் தாயைத்தான் பார்ப்பார்கள். தாயிடமும் எந்தக் காகிதமும் இல்லையென்றால் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். அரசியலமைப்பின் 15ஏ பிரிவு விசேஷ சூழ்நிலைகளில் குடிமகனாகப் பதிய இடம் கொடுக்கிறது, ஆனால் அதற்கு ஒரு வயது வரம்பு உண்டு. அந்த வரம்பை நெருங்கும் பிள்ளைகளை முதலில் பாருங்கள்.

இப்போது உங்கள் மூப்பர்களுக்கு வைத்திருக்கும் வேலை. வயதானவர்கள்தான் மிச்சம் என்று குறைபட்டீர்கள். அவர்கள் யார்? ரயில்வே கிளார்க்காக இருந்தவர் இருப்பார், பள்ளி ஆசிரியர் இருப்பார், கணக்கெழுதிய தோட்டத்துக் கிராணி ஒருவராவது இருப்பார். மலாயில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள், பாரம் நிரப்பத் தெரிந்தவர்கள், பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள். எந்தத் தோட்டம் எந்தப் பெயரிலிருந்து எந்தப் பெயருக்கு மாறியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளால் இதைச் செய்ய முடியாது. கவுன்டரில் பெரியம்மா மாதிரி ஒருவர் வாயடைத்து நிற்கும்போது, பக்கத்தில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஒரு பெரியவர் நின்றால் போதும், பேச்சே மாறிவிடும். ஆத்தும ஆதாயம் என்பவரை ஒரே ஒரு நாள் அப்படிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் சபையிலும் ஒரு அலமாரி இருக்கும். பெரும்பாலும் பாடகர் குழு அங்கி தொங்கும் அறையில், பழைய பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால். திறந்ததும் புத்தகங்களை உதறாதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனிலேயே படம் எடுத்து வையுங்கள். 1957 முதல் 1962 வரை உள்ள பக்கங்களை முதலில் எடுங்கள். நானும் வருகிறேன், சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை.

சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா