கேள்வி பதில்: பிளகின் இல்லாமல் சுழலும் மூலக்கூறு

கேள்வி: எங்கள் பள்ளிக்காகப் பழைய மாணவர் ஒருவர் பல வருஷம் முன்பு செய்து கொடுத்த வெப் பக்கத்தில் அமோனியா, மீத்தேன், யூரியா எல்லாவற்றையும் மவுஸால் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். இப்போது திறந்தால் சாம்பல் நிறக் கட்டமும் 'ஜாவா பிளகின் தேவை' என்ற வரியும்தான் வருகின்றன. கம்ப்யூட்டர் சரிசெய்ய வந்தவர், பழைய பிரவுசரைப் போட்டு ஜாவாவையும் ஏற்றினால் ஓடும் என்கிறார். செய்யலாமா?
— வேதியியல் ஆசிரியை, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம் டீச்சர். அவர் சொல்வது பொய்யில்லை, பழைய பிரவுசரில் அது ஓடத்தான் செய்யும். ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதையே நிறுத்திவிட்ட பிரவுசரை, பிள்ளைகள் தினமும் நெட்டில் உட்காரும் மெஷினில் எதற்குப் போட வேண்டும்? அப்படியே போட்டாலும் வீட்டில் அம்மாவின் போனை வாங்கிப் பார்க்கிற பிள்ளைக்கு அதனால் ஒரு பைசா பயனில்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் பிரவுசர்களில் ஜாவா அப்லெட் (வெப் பக்கத்துக்குள் ஓடும் குட்டி ஜாவா புரோகிராம்) எந்தக் காலத்திலும் ஓடியதில்லை.

அந்த நாளில் பிரவுசருக்கு முப்பரிமாணத்தில் வரையத் தெரியாது. அதனால் வெளியிலிருந்து ஒரு புரோகிராமை உள்ளே உட்கார வைத்தார்கள்: மூலக்கூறுகளுக்கு முதலில் சைம் என்ற பிளகின், பிறகு ஜேமால் என்ற ஜாவா அப்லெட். குரோம் 2015 செப்டம்பரில் 45-வது பதிப்போடு அந்த வகை பிளகின்களை முழுசாக நிறுத்தியது, ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் நிறுத்தியது, ஜாவாவுக்குச் சொந்தக்காரரான ஆரக்கிளே 2018-ல் வந்த ஜாவா 11-ல் அப்லெட் பிளகினைத் தூக்கிவிட்டது. இதற்குள் 2011-லேயே வெப்ஜிஎல் வந்துவிட்டது. பிரவுசரே கிராஃபிக்ஸ் சிப்பிடம் வேலை வாங்க வழி கிடைத்ததால் நடுவில் ஆள் வைக்கத் தேவையில்லாமல் போனது.

உங்கள் பக்கம் ஜேமாலில் செய்ததாக இருந்தால் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், பக்கத்தின் மூலக் கோடைத் திறந்து தேடினால் பெயர் கண்ணில் படும்) ஜேஎஸ்மால் போதும். அதே ஜேமாலை ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றியதுதான் ஜேஎஸ்மால். 'இதைச் சுழற்று, அந்த அணுவுக்குச் சிவப்பு அடி' என்று அந்த மாணவர் எழுதி வைத்த கட்டளைகள் பெரும்பாலும் அப்படியே செல்லும். வெப்ஜிஎல் இல்லாமல், பிரவுசரின் சாதாரண வரைபலகையான கேன்வாஸிலேயே வரைகிற ரகம் என்பதால் உங்கள் லேபில் இருக்கும் கிழட்டு மெஷினிலும் ஓடும். பெரிய புரதத்தைக் கொடுத்தால் திணறும். நாலே அணு உள்ள அமோனியாவுக்கு என்ன திணறல்?

புதிதாகச் செய்வதாக இருந்தால் என் ஓட்டு 3டிமாலுக்கு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச லைப்ரரி (நம் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் ரெடிமேட் கோட்) அது, வெப்ஜிஎல்லில் வரைகிறது. பக்கத்தில் ஒரு வரியில் லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். அப்புறம் ஒரு டிவ் (பக்கத்தில் மாடல் வரும் பெட்டி) போட்டு, அவர்கள் சொல்லும் கிளாஸ் பெயரையும், இலவச வேதிப்பொருள் தரவுத்தளமான பப்கெம் தரும் எண்ணையும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அமோனியாவுக்கு 222, தண்ணீருக்கு 962, யூரியாவுக்கு 1176. மணலி உரத் தொழிற்சாலையை பஸ்ஸில் கடக்கிற பிள்ளைகளுக்கு யூரியாவைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் வகுப்பில் காட்டுங்கள். பப்கெம்மிலிருந்து இறக்கும் எஸ்டிஎஃப் ஃபைலை நோட்பேடில் திறந்தால் அமோனியாவின் அணுக்களும் பிணைப்புகளும் மேலேயே சில வரிகளில் அடங்கிவிடும். அணு ஒன்றுக்கு ஒரு வரி, அதில் மூன்று எண்கள், அதாவது அந்த அணு இருக்கும் இடம், ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) கணக்கில். வரிசையில் நைட்ரஜன் முதலில் இருந்தால் அதற்குக் கீழே '1 2 1', '1 3 1', '1 4 1' என்று வரும். முதல் அணுவுக்கும் இரண்டாவதுக்கும் ஒற்றைப் பிணைப்பு, முதலுக்கும் மூன்றாவதுக்கும் ஒற்றைப் பிணைப்பு என்று படிக்க வேண்டும். படம் என்று எதுவும் ஃபைலில் கிடையாது. இந்த எண்களை வைத்து லைப்ரரி உருண்டையும் குச்சியும் செய்கிறது, நீங்கள் விரலால் இழுக்கும்போது பார்க்கும் கோணத்தை மட்டும் மாற்றி மறுபடி வரைகிறது.

சும்மா சுழலவிட்டால் பிள்ளைகள் அரை நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு கேள்வியோடு கொடுங்கள். காகிதத்தில் நைட்ரஜனைச் சுற்றி மூன்று ஹைட்ரஜனைத் தட்டையாகப் போட்டே பழகியவர்கள், பக்கவாட்டில் திருப்பினால்தான் அது பிரமிடு என்று பார்ப்பார்கள். இரண்டு பிணைப்புகளுக்கு நடுவே கோணம் சுமார் 107 பாகை. நைட்ரஜன் தலையில் இருக்கும் பிணைப்பில்லாத எலக்ட்ரான் ஜோடி அந்த மாடலில் தெரியாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனம் வீட்டைவிட்டு வெளியேறிய கதை உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு நேரடியாகத் தெரிந்திருக்கும். அது ஏன் கண்ணிலும் தொண்டையிலும் அப்படி எரிந்தது, தண்ணீரில் ஏன் அவ்வளவு சுலபமாகக் கரைகிறது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு தானாக நடக்கும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் 3டிமாலைத்தான் போட்டேன். பப்கெம்மிலிருந்து ஃபைலை இறக்கி அதே ஃபோல்டரில் வைத்து, பக்கத்தை டபுள் கிளிக் செய்து திறந்தால் வெள்ளைக் கட்டம் மட்டும் வருகிறது. கோடில் தப்பில்லை என்று நண்பனும் சொல்கிறான்.
— கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: நண்பன் சொல்வது சரியாகவே இருக்கலாம் தம்பி. முதலில் டிவ்வுக்கு ஒரு கறுப்பு பார்டர் போட்டுப் பார். பார்டர் ஒற்றைக் கோடாகச் சப்பிப் போயிருந்தால் உயரம் கொடுக்க மறந்திருக்கிறாய். உயரம், அகலம் இரண்டையும் எழுதி, பொசிஷனை ரிலேட்டிவ் என்று வை. பெட்டி ஒழுங்காகத் தெரிந்து உள்ளே மட்டும் காலி என்றால் எஃப்12 தட்டிக் கன்சோலைப் பார், சிவப்பில் 'கோர்ஸ்' என்று ஏதாவது திட்டியிருக்கும். டபுள் கிளிக்கில் திறந்த பக்கம் பக்கத்திலிருக்கும் இன்னொரு ஃபைலைப் படிக்கக் கூடாது என்பது பிரவுசரின் சட்டம். நல்ல சட்டம்தான், இல்லாவிட்டால் யாரோ மெயிலில் அனுப்பிய ஒரு பக்கம் உன் டவுன்லோட் ஃபோல்டரையே வாசித்துவிடும். பைத்தான் இருந்தால் அதே ஃபோல்டரில் நின்று ஒரே வரிக் கட்டளையில் குட்டி சர்வரைக் கிளப்பி, லோக்கல்ஹோஸ்ட் 8000-ல் திற. பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும், சர்வர் எல்லாம் ஆகாது என்றால் ஃபைலில் உள்ள வரிகளை அப்படியே பக்கத்துக்குள் ஒட்டி, அங்கிருந்து படிக்கச் சொல். லைப்ரரியையும் இறக்கி ஃபோல்டரிலேயே வைத்துவிடு, நெட் போனாலும் ஓடும்.

கேள்வி: டியூஷன் பிள்ளைகளுக்காக ஒரே பக்கத்தில் 24 கரிமச் சேர்மங்களைச் சுழலும்படி வைத்தேன். கீழே உள்ளவை வர வர, மேலே முதல் எட்டு காணாமல் போகின்றன!
— டியூஷன் சென்டர், பெரம்பூர்

பதில்: எட்டு என்று சொன்னதும் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரே நேரத்தில் 16 வெப்ஜிஎல் பெட்டிகளுக்கு மேல் குரோம் உயிரோடு வைக்காது. பதினேழாவது வந்தால் பழையதைக் கழற்றிவிடும். 24-ல் 16 போனால் எட்டு. ஆண்ட்ராய்டு போனில் வரம்பே எட்டுதான், அதனால் அங்கே இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரணப் படத்தை வைத்துவிட்டு, தொட்டால் மட்டும் சுழலும் மாடல் வரும்படி மாற்றுங்கள். அந்தப் படத்தையும் 3டிமாலே எடுத்துக் கொடுக்கும். இன்னும் எளிது, பக்கத்தில் ஒரே ஒரு பெட்டி, கீழே 24 பட்டன்கள். எப்படியும் ஒரு பிள்ளை ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே பார்க்கப் போகிறது?

கேள்வி: போனில் என் பக்கத்தைத் தள்ளிக்கொண்டு வந்தால் மூலக்கூறு வந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது. பக்கம் நகராமல் மாடல்தான் சுற்றுகிறது.
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பெட்டி திரை அகலம் முழுக்க இருக்கிறது, விரல் வைக்க இடமில்லை. இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு இடம் விடுங்கள், உயரத்தைத் திரையில் பாதிக்கு மேல் போகவிடாதீர்கள். மேலே சொன்ன மாதிரி தொட்ட பிறகு உயிர் வரும்படி செய்தாலும் தொல்லை தீர்ந்தது.

கேள்வி: மகள் புரத மாடல் ஒன்றைத் திறந்து காட்டினாள். கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் எல்லாம் இருக்கிறது, ஹைட்ரஜனைக் காணோம். அந்த நிறங்கள் உண்மையானவையா?
— ஓய்வு பெற்ற ரிஃபைனரி ஊழியர், திருவொற்றியூர்

பதில்: ஐயா, நல்ல கண் உங்களுக்கு. அந்த மாடல், புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் புரதத் தரவு வங்கியிலிருந்து வந்திருக்கும். 1971-ல் ஏழே அமைப்புகளோடு தொடங்கியது, இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பாலானவை எக்ஸ்ரே மூலம் கண்டுபிடித்தவை. எக்ஸ்ரேயைச் சிதறடிப்பது எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்றே ஒன்று என்பதால் அது பெரும்பாலும் தெரியாது, தெரியாததை ஃபைலில் எழுதுவதும் இல்லை. நிறங்கள் வெறும் வழக்கம். ஆக்ஸிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், கந்தகம் மஞ்சள் என்பதெல்லாம் அந்தக் காலத்து மர, பிளாஸ்டிக் மாடல்களிலிருந்து வந்தவை. அணுவுக்கு நிறம் கிடையாது.

மகளிடம் 1சிஏஜி (1CAG) என்ற எண்ணைத் தரவு வங்கித் தளத்தில் போடச் சொல்லுங்கள். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜனைப் போலச் செய்யப்பட்ட ஒரு சிறு துண்டு அது. கொலாஜன் மூன்று இழைச் சுருள் என்று 1954-ல் நேச்சர் இதழில் எழுதியவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். தரவு வங்கித் தளத்திலேயே மால்ஸ்டார் என்ற வியூவர் இருக்கிறது, போனில் எதுவும் ஏற்ற வேண்டாம். ரிப்பன் வடிவில் பார்த்தால் சுவாரசியமாக இருக்காது. குச்சி வடிவுக்கு மாற்றி, சங்கிலி ஒன்றுக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டுத் திருப்பச் சொல்லுங்கள், மூன்றும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போவது அப்போதுதான் பிரிந்து தெரியும்.