நகரச் சாலைகளில் "பாதுகாப்பான அமைப்பு" என்றால் என்ன?

நடப்போர், மிதிவண்டியில் செல்வோர், வாகனம் ஓட்டுவோர் ஆகியோரில் எவர் தவறு செய்தாலும், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையையும் நடைபாதையையும் வடிவமைப்பதே பாதுகாப்பான அமைப்பு எனப்படுகிறது. சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல் இதே நோக்கைத் தன் கொள்கையாக ஏற்றது.

இதன் அடிப்படை, வேகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவுக்கு) ஏற்ப உயர்வதால், மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வாகனம், 30 கிலோமீட்டரில் வரும் அதே வாகனத்தைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலுடன் மோதுகிறது. ஆகவேதான் மக்களும் வாகனங்களும் கலந்து செல்லும் தெருக்களில் 30 என்ற வரம்பை சாலைப் பாதுகாப்பு குறித்த உலக அமைச்சர்கள் மாநாட்டின் 2020-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது. ஆனால் பலகை நட்டால் மட்டும் வேகம் குறைந்துவிடாது. இதை நான் அழுத்தியே சொல்வேன். வாகனத் தடத்தைக் குறுக்குவது, மக்கள் கடக்கும் இடத்தை மேடாக்குவது, பாதி கடந்தவர் நின்றுகொள்ள நடுவில் திட்டு அமைப்பது, சந்திப்பின் திருப்பத்தை இறுக்குவது ஆகியவையே ஓட்டுநரை இயல்பாக நிதானிக்க வைக்கின்றன.

மாடிப்படிக்குக் கைப்பிடி வைப்பதைப் போன்றது இது: ஏறுபவர் கவனமற்றவர் என்பதற்காக அல்ல, எவருக்கும் ஒருநாள் கால் இடறலாம் என்பதற்காகவே அதை வைக்கிறோம்.

வேகம் குறைந்தால் பயணம் மிகவும் நீண்டுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு கிலோமீட்டரைத் தடையே இன்றிக் கடந்தாலும், 50-க்கும் 30-க்கும் இடையிலான வேறுபாடு 48 விநாடிகள்தான்.