பெண்டகன் பதவியும் நன்னடத்தைச் சான்றும்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக பீட் ஹெக்செத் நியமிக்கப்பட்டது பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். பாதுகாப்பு அமைச்சராக வருபவர் குடித்தாரா, மனைவிக்கு உண்மையாக இருந்தாரா என்றெல்லாம், நியமனத்துக்கு ஒப்புதல் தரும் அமெரிக்க செனட் (மேலவை) துருவுவது எதற்கு? வேலை தெரியுமா என்று பார்த்தால் போதாதா? இவ்வளவு விசாரித்தும் கடைசியில் கட்சி பார்த்துத்தானே ஓட்டுப் போட்டார்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வேலை தெரியுமா என்று பார்ப்பதில்தான் சிக்கலே. எத்தனை ஆண்டு நிர்வாக அனுபவம், என்ன படிப்பு என்று அந்த நாற்காலிக்குச் சட்டம் எந்த அளவும் வைக்கவில்லை. கறாரான தடை ஒன்றுதான்: நிரந்தரப் படையில் அதிகாரியாக இருந்தவர் என்றால், சீருடையைக் கழற்றிக் குறிப்பிட்ட காலம் ஆகியிருக்க வேண்டும். 1947இல் அது 10 ஆண்டு. 2008இல் 7 ஆக்கினார்கள். 2021 கடைசியில் வந்த சட்டம் ஜெனரல், அட்மிரல் நிலையில் இருந்தவர்களுக்கு மட்டும் மறுபடி 10 என்றது. இதையும் தனிச் சட்டம் போட்டுத் தளர்த்தலாம். முன்னாள் ஜெனரல்களான மார்ஷலுக்கு 1950இலும், மாட்டிஸுக்கு 2017இலும், ஆஸ்டினுக்கு 2021இலும் தளர்த்தினார்கள். ஹெக்செத் நிரந்தரப் படையில் சேராத தேசியக் காவல் படையின் மேஜர் என்பதால் தடை அவரைத் தொடவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அமைச்சருக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி, பொறியியலைக் கவனிக்கும் துணைச் செயலருக்குத் தொழில்நுட்பத்திலோ அறிவியலிலோ பொறியியலிலோ விரிவான பின்னணி வேண்டும். கூட்டுப்படைத் தலைவர் என்றால், அதற்குமுன் துணைத் தலைவராகவோ, ஒரு படைப்பிரிவின் தலைமைத் தளபதியாகவோ, போர்க்கட்டளை (ஒரு வட்டாரத்திலோ பணியிலோ எல்லாப் படைகளையும் சேர்த்து நடத்தும் அமைப்பு) ஒன்றின் தளபதியாகவோ இருந்திருக்க வேண்டும். தேச நலன் என்று சொல்லி ஜனாதிபதி இதிலிருந்து விலக்கு அளிக்கலாம். 2025 ஏப்ரலில் டான் கெய்ன் அந்த வழியில்தான் வந்தார்.

இனி நடத்தை. 1986 சட்டப்படி கட்டளை ஜனாதிபதியிடமிருந்து பாதுகாப்பு அமைச்சருக்கும், அவரிடமிருந்து நேரே போர்க்கட்டளைத் தளபதிகளுக்கும் போகிறது. கூட்டுப்படைத் தலைவர் ஆலோசகர் மட்டுமே. நள்ளிரவில் தொலைபேசி அடித்தால் எடுக்க வேண்டியவர் அமைச்சர். அவருக்குக் கீழே அணு ஆயுதப் பணியில் இருக்கும் சிப்பாய்க்கு 'நம்பகத்தன்மைத் திட்டம்' என்று தனி விதிகள் உண்டு. பல்வலிக்கு வாங்கிய மாத்திரையைக்கூட அவர் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். குடி அவருக்குப் பிரச்சினையாகிவிட்டது என்று தெரிந்தால் அந்தப் பணியில் வைக்கமாட்டார்கள். திருமணத்துக்கு வெளியே உறவு, படையின் ஒழுங்கைக் கெடுத்தால், ராணுவ நீதிமன்றம் வரை போகக்கூடிய குற்றம். அமைச்சர் சிவிலியன் என்பதால் இவற்றில் எதுவும் அவரைக் கட்டுப்படுத்தாது. கீழே இருப்பவனைத் தண்டிக்கும் விஷயத்தில் மேலே இருப்பவரிடம் கேள்வியாவது கேட்க வேண்டாமா? 1989இல் பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு அறிவிக்கப்பட்ட ஜான் டவரை எதிர்த்து, அப்போது செனட்டின் ராணுவக் குழுத் தலைவராக இருந்த சாம் நன் வைத்த வாதத்தின் சாரம் இதுதான். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

டவர் தகுதியில் குறைந்தவர் அல்ல என்பதுதான் அந்த விவகாரத்தின் சுவை. டெக்ஸஸிலிருந்து 24 ஆண்டு செனட்டர். செனட்டின் ராணுவக் குழுவுக்கே தலைவராக இருந்தவர். ஜெனிவாவில் ஆயுதக் குறைப்புப் பேச்சு நடத்தியவர். பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனங்களிடம் ஆலோசனைக் கட்டணமாக வாங்கிய லட்சக்கணக்கான டாலரும், குடி, பெண் விவகாரம் பற்றிய பேச்சும் அவரைக் கவிழ்த்தன. பதவி கிடைத்தால் மதுவைத் தொடமாட்டேன் என்று தொலைக்காட்சியில் உறுதி சொல்லியும் எடுபடவில்லை. குழுவில் 11-9, அவையில் 53-47 எனத் தோற்றார். அடுத்து வந்த டிக் செய்னி ராணுவத்தில் ஒருநாள்கூட இருந்ததில்லை. அவருக்கு 92-0!

ஹெக்செத்தும் 2024 டிசம்பரில் அதே வாக்குறுதியைக் கொடுத்தார். தன் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தார். 2017இல் ஒரு பெண் கொடுத்த பாலியல் புகாரில் வழக்குப் பதிவாகவில்லை. ஆனால் பின்னர் பணம் கொடுத்து ரகசிய உடன்பாடு செய்துகொண்டார். அவர் நடத்திய முன்னாள் படைவீரர் அமைப்புகளின் நிதி நிர்வாகமும் கேள்விக்குள்ளானது.

விசாரணை எங்கே ஓட்டையாகிறது என்று பாருங்கள். நியமனம் பெறுபவர் நூறு பக்கத்துக்கு மேல் வரும் பாதுகாப்பு அனுமதிப் படிவத்தை நிரப்புகிறார். எஃப்.பி.ஐ. (மத்தியப் புலனாய்வு அமைப்பு) ஆட்கள் அக்கம்பக்கம், பழைய முதலாளிகள், முன்னாள் துணைகள் என்று விசாரித்து, சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறார்கள். 'தகுதி உண்டு, இல்லை' என்று தீர்ப்பு எழுதுவதில்லை. அந்தக் கோப்பு செனட்டுக்கு உரியதல்ல, வெள்ளை மாளிகைக்கு உரியது. யாரை விசாரிப்பது, எதுவரை தோண்டுவது என்பதும் விசாரிக்கச் சொன்ன வெள்ளை மாளிகையின் விருப்பம். ராணுவக் குழுவில் வழக்கமாகத் தலைவரும் எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினரும் மட்டுமே அதைப் பார்ப்பார்கள். டவர் விஷயத்தில் மற்ற செனட்டர்களும் பூட்டிய அறையில் உட்கார்ந்து படிக்க முடிந்தது. ஹெக்செத் விஷயத்தில் அந்த இருவரோடு நின்றது; விசாரணை போதாது என்றார் எதிர்க்கட்சித் தரப்பின் ஜாக் ரீட். ஒருமுறை தேறியவர் என்பதும் உத்தரவாதமல்ல. 2017இல் துணை அமைச்சராக 92-7 என்று தேறிய பேட்ரிக் ஷனஹான், 2019இல் அமைச்சர் பதவிக்கான விசாரணையின்போது பழைய குடும்ப விவகாரம் வெளிவந்து விலகினார்.

பணம் சம்பந்தமான பகுதி இதைவிட ஒழுங்கு. சொத்து விவரம் வெளியிட வேண்டும். ஒப்பந்த நிறுவனப் பங்குகளைப் பொதுவாகப் பதவியேற்ற 90 நாளுக்குள் விற்க எழுதிக் கொடுக்க வேண்டும். விற்ற பணத்தை அரசுக் கடன் பத்திரத்திலோ பரந்த மியூச்சுவல் ஃபண்டிலோ போட்டால் லாபவரியைத் தள்ளிவைக்கச் சான்றிதழும் தருவார்கள். வியாபாரமே சொத்தாக இருப்பவருக்கு இது கழுத்தை நெரிக்கும். தரைப்படைச் செயலராக அறிவிக்கப்பட்ட வின்சென்ட் வயோலா 2017இல் இதனால்தான் ஒதுங்கினார்.

கட்சி ஓட்டு என்றீர்கள். பெரும்பாலும் உண்மை. 2013 நவம்பருக்கு முன், 100 பேர் கொண்ட செனட்டில் விவாதத்தை முடிக்கவே 60 பேர் வேண்டும். இப்போது சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆளுங்கட்சிக்கு 53 இடம் இருந்தால் மூன்று பேரை இழந்தாலும் துணை ஜனாதிபதியின் ஓட்டில் கரையேறலாம். 2025 ஜனவரி 24 அன்று நடந்ததும் அதுவே: ஆளுங்கட்சியின் மெக்கானல், காலின்ஸ், முர்கோவ்ஸ்கி எதிர்த்தார்கள், 50-50, துணை ஜனாதிபதி வான்ஸ் ஓட்டுப் போட்டார். டவர் காலத்தில் எதிர்க்கட்சிக்கு 55 இடம். அதே கோப்போடு டவர் இன்று வந்திருந்தால் தேறியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அடுத்த முறை இப்படி ஒரு நியமனம் வந்தால், தொலைக்காட்சியில் ஓடும் விசாரணையைவிட அதற்கு முன் குழு எழுத்தில் கேட்கும் கொள்கைக் கேள்விகளின் பதில்களைப் படியுங்கள். குழுவின் தளத்திலேயே வெளியிடுவார்கள். சம்பந்தப்பட்டவருக்கு வேலை தெரியுமா என்பது அங்கே ஓரளவு பிடிபடும்.