அனிருத் தாபா மறுபடியும் சென்னையின் சட்டையைப் போடுவாரா?

கேள்வி: கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போய்விட்ட அனிருத் தாபா சென்னையின் எஃப்சி கால்பந்து அணிக்குத் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறதா? வந்தால் ரசிகர்கள் ஏற்றுக்கொள்வார்களா?

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையிலும், 2014-இல் அணி தொடங்கிய நாளிலிருந்து பெரியமேட்டு ஸ்டேடியத்துக்குப் போய்வருபவன் என்ற முறையிலும் இதற்குப் பதில் எழுதுகிறேன். 2028-க்கு முன் அவர் வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வரலாம். வந்தால் ரசிகர்கள் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் இந்த விவாதம் எங்கே நடந்தாலும், ஸ்டேடியத்திலிருந்து சென்ட்ரலுக்கு நடந்துபோகும் வழியிலோ, வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கி டீ குடிக்கும் கடையிலோ, எல்லாரும் அவருடைய மனத்தைப் பற்றியே பேசுகிறார்களே தவிர அவருடைய ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு உள்ள குறை. பழைய அணித் தோழர் ஒருவர் போட்ட படத்துக்கு அவர் விருப்பக்குறி இட்டுவிட்டால் போதும், அதை வைத்துக்கொண்டு எங்கள் கூட்டம் ஒரு வாரம் ஜாதகம் கணிக்கும்.

ஒப்பந்தத்தையே முதலில் பார்த்துவிடுவோம். டேராடூன்காரரான தாபா 2016-இல், 18 வயதில், இங்கே வந்தார். 2017-18-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பை வென்ற அணியில் இருந்தார். பிறகு அணித் தலைவரும் ஆனார். 2023-இல், ஒப்பந்தத்தில் இன்னும் காலம் இருக்கும்போதே, மோகன் பகான் தொகை கொடுத்து அவரை வாங்கி, 5 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஃபிஃபா விதிகளின்படி ஒரு ஆட்டக்காரருடன் செய்துகொள்ளக்கூடிய நீண்ட ஒப்பந்தமே பொதுவாக 5 ஆண்டுகள்தான் என்பதால், அவரை எவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்க முடியுமோ அவ்வளவு காலம் அவர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதே விதிகளின்படி, ஒப்பந்தம் முடிய 6 மாதம் இருக்கும்போதுதான் வேறொரு அணி அவருடன் நேரடியாகப் பேசிக் கையெழுத்து வாங்க முடியும். அதற்கு முன் பேச வேண்டுமென்றால் மோகன் பகானிடம்தான் பேச வேண்டும், பணமும் கட்ட வேண்டும். அங்கே போனபின் 2023-24, 2024-25 என்று இரண்டு சீசன் தொடர்ந்து, லீக் சுற்றில் முதலிடம் பிடிப்பவர்களுக்கான ஷீல்டையும், 2024-25-இல் ஐஎஸ்எல் கோப்பையையும் அந்த அணி வென்றது. அதே 2024-25-இல் நாம் 11-ஆம் இடத்தில் முடித்தோம். பட்டியலின் உச்சியில் இருக்கும் ஒருவரை அடியில் இருப்பவர்கள் விலைக்குக் கேட்பதற்கு ஆசை மட்டும் போதாது.

இந்த இடத்தில் 'துரோகி' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேள்வியின் இரண்டாம் பாதி அதைத்தான் சுற்றி வருகிறது. வடசென்னையில் இந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். முல்லை நகர் கிரவுண்டில் பந்து உதைக்கும் பையன்களின் வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள். மகன் எந்த அணியில் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று எந்தத் தாயும் கவலைப்படுவதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ, ஐசிஎஃப்பிலோ, இந்தியன் வங்கியிலோ, சுங்கத்துறையிலோ ஒரு வேலை கிடைத்துவிட வேண்டும் என்பதுதான் வேண்டுதல். கிடைத்துவிட்டால் அவன் அந்த நிறுவனத்து அணிக்கு ஆடப் போய்விடுவான். சென்னை லீக்கில் அவனை உருவாக்கிய ஏரியா அணிக்கு எதிராகவே இறங்கவும் நேரலாம். அதற்காக அவனை யாரும் திட்டுவதில்லை, மாலை போட்டுத்தான் அனுப்புகிறோம். அடுப்பு எரிய வேண்டும் என்று எங்கள் தெருப் பையன் போனால் அது முன்னேற்றம், கோப்பை வேண்டும் என்று டேராடூன் பையன் போனால் துரோகமா? ஏழு ஆண்டுகள் ஒரே அணியில் ஆடிவிட்டு, போகும்போது நம் அணிக்குப் பணமும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர்.

சரி, திரும்பி வருவதற்கு வருவோம். நம் அணிக்கு இதில் அனுபவம் இல்லாமலில்லை. போய்த் திரும்பி வந்தவர்களில் மூன்று பேரை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஸ்டிவன் மெண்டோசா. 2014-இல் ஆடிவிட்டுப் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் அணிக்குப் போனவர், 2015-இல் இரவல் ஆட்டக்காரராக மீண்டும் இங்கே வந்து 13 கோல் அடித்து, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார். அந்த டிசம்பர் எங்கள் பகுதியில் யாருக்கும் மறக்காது. வெள்ளத்தால் அரையிறுதியின் சென்னை ஆட்டத்தையே புனேயில் நடத்தினார்கள். இறுதி ஆட்டத்தன்று, 20-ஆம் தேதி, எங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்பு உயரத்தில் அப்படியே இருந்தது. டிவி நனைந்து போயிருந்ததால் மாடி வீட்டு அத்தை வீட்டில், ஈரப் பாய் நாற்றத்துக்கு நடுவில், பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். 90-ஆவது நிமிடம் நெருங்கும்போது கோவா 2-1 என்று முன்னிலையில் இருந்தது. அவர்களுடைய கோல்கீப்பர் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளியதும் சமம் ஆனது, 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் மெண்டோசா மூன்றாவதை அடித்தார். அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்து, 'எவன் அடிச்சான்?' என்று கேட்டதற்கு, 'போயிட்டு வந்தவன் அத்தே' என்று என் தம்பி சொன்னது இன்றும் எங்கள் வீட்டில் அவருடைய பெயராக இருக்கிறது.

இரண்டாவது நெரியுஸ் வால்ஸ்கிஸ். 2019-20-இல் 15 கோல் அடித்து நம்மை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனவர். அடுத்த சீசனே பயிற்சியாளர் ஓவன் கோய்லைத் தொடர்ந்து ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2022 ஜனவரியில் அவர் திரும்பி வந்தபோது எங்கள் கடையில் அன்றைக்கு டீ இலவசம் என்று ஒரு அண்ணன் அறிவித்தார், காசும் கொடுத்தார். ஆனால் வால்ஸ்கிஸுக்கு அப்போது 34 வயது. அவருக்குப் பந்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ரஃபேல் கிரிவெல்லாரோ அந்த அணியில் ஆடவில்லை, கோய்லும் இல்லை. 2020 பிப்ரவரியில் கொச்சிக்குப் போய் கேரளாவை 6-3 என்று தோற்கடித்த கூட்டத்தில் ஒருவரை மட்டும் தனியாகப் பிடுங்கி வந்து, வேறு தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அந்த சீசனை 8-ஆம் இடத்தில் முடித்தோம்.

மூன்றாவது அந்தக் கிரிவெல்லாரோவேதான். 2020 டிசம்பரில் கால் முறிந்தபின் அவருடைய கதை இங்கே முடிந்தது என்றே எல்லாரும் எழுதிவிட்டோம். 2023-இல் கோய்ல் மறுபடியும் நமக்குப் பயிற்சியாளராக வந்தார், கூடவே இவரும் வந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் மோகன் பகான் இங்கே வந்து 3-1 என்று ஜெயித்த ஆட்டத்தில் நமக்குக் கிடைத்த ஒரே கோல் இவருடையது. போன தாபாவின் புது அணிக்கு எதிராகத் திரும்பி வந்தவர் அடித்த கோல் என்பதால் எங்கள் வரிசையில் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கத்தினார்கள், தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதையும் மறந்து. அணி 6-ஆம் இடம் பிடித்து, கோப்பைக்கான அடுத்த சுற்றான பிளேஆஃபுக்கும் போனது. ஆனால் அடுத்த சீசனில் அவர் இல்லை. களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் இறங்கலாம் என்ற விதி இருக்கும்போது, 35 வயதுக்காரருக்கு அதில் ஒரு இடம் ஒதுக்குவது எந்தப் பயிற்சியாளருக்கும் எளிதல்ல.

இந்த மூவரையும் வைத்துப் பார்த்தால், நன்றாக அமைந்த திரும்புதல் மெண்டோசாவுடையது. அவர் 23 வயதில், ஓர் ஆண்டுகூட முடியாமல் வந்துவிட்டார். ஓரளவு அமைந்தது கிரிவெல்லாரோவுடையது. தன்னை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த பயிற்சியாளரிடம் அவர் வந்தார். அமையாதது வால்ஸ்கிஸுடையது, அவரை நாம் பழைய கோல் கணக்குக்காக அழைத்தோம். தாபாவின் ஒப்பந்தம் முடியும் ஆண்டில் அவருக்கு 30 வயது ஆகியிருக்கும். நடுக்களத்தில் ஆடும் இந்தியருக்கு அது மூப்பு அல்ல, வெளிநாட்டவர் கணக்கிலும் அவர் வரமாட்டார் என்பது நமக்குச் சாதகம். ஆனால் 2018-இல் இந்தக் கோல் பெட்டிக்கும் அந்தக் கோல் பெட்டிக்கும் ஓடிய 20 வயதுப் பையனை மனத்தில் வைத்துக்கொண்டு அழைத்தால் மூன்றே ஆட்டத்தில் அவரைத் திட்டத் தொடங்கிவிடுவோம்.

இதை நான் டிவியில் பார்த்துக் கற்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். இடது விங்கில் அவர் பந்தை வாங்கினால் கோட்டோரம் நிற்பவர்கள் தானாகவே இரண்டடி பின்னால் நகர்வார்கள், அவ்வளவு வேகம். அரசுத் துறை ஒன்றில் வேலை கிடைத்துப் போனவர், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு பொங்கல் டோர்னமென்டில் ஏரியா அணிக்கு ஆட வந்தார். பழைய சட்டைதான், வயிற்றில் இறுகிக்கொண்டிருந்தது; வலது முழங்காலில் கருப்பு நீ கேப். கூட்டம் அவருடைய பெயரைச் சொல்லி விங்கைக் காட்டியது. அவரோ கேப்டனிடம், 'அங்க ஓடறதுக்கு தம்பி இருக்கான், என்னைப் பின்னாடி விடு' என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பராக நின்றார். முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும் ஏமாற்றம், எனக்கும்தான். பிறகுதான் கவனித்தேன், அவர் ஓடவே இல்லை, ஆனால் பந்து அவர் நிற்கும் இடத்துக்கே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பதினாறு வயதுப் பையனிடம், 'பந்தப் பாக்காத, ஆளப் பாரு' என்று ஆட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அரையிறுதியில் டை பிரேக்கரில் தோற்றோம். அந்தப் பையன் இப்போது எங்கள் அணியின் ஸ்டாப்பர்.

ஆகவே தாபா வருவாரா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, வந்தால் எந்த இடத்தில் ஆடப்போகிறார், அவருக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தப்போகிறோம் என்பதைத்தான். சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கும் லீக்கில் ஒரு பெரிய பெயருக்குக் கொடுக்கும் பணம் இரண்டு இளைஞர்களிடமிருந்து பிடித்த பணமாகவும் இருக்கும். எங்கள் ஏரியாவிலிருந்து போன தனபால் கணேஷ் 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக அடித்த கோலை நேரில் பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. அந்த நடுக்கள இடத்தில் திரும்பி வருபவரைவிட இன்னொரு வியாசர்பாடிப் பையனைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. இருவரும் ஒன்றாக நின்றால் இன்னும் நல்லது.

டீக்கடையில் பந்தயம் கட்டியிருக்கிறோம். 2028 சீசன் தொடங்கும்போது தாபா நீலச் சட்டையில் இருப்பார் என்று எதிர்த்த வீட்டு மச்சான் சொல்கிறான், இருக்கமாட்டார் என்று நான். தோற்பவர் எட்டுப் பேருக்கு பீஃப் பிரியாணி வாங்கித் தர வேண்டும். போன வாரம் அவன் வந்து, பந்தயத்தை 2029 வரை நீட்டலாமா என்று கேட்டான். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டான் போலிருக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.